பாட்டரி ஓய்ந்த வண்டி

குடியிருப்புக் குறிப்புகள் – மாதந்தோறும்

சென்ற இதழில், ஊரிலிருந்து பாத்திரம் பண்டங்களைப் பார்சலில் வரவழைப்போர் கவனிக்க வேண்டியவற்றைப்பற்றி எழுதியிருந்தேன். அஃது என் தொழிலைச் சார்ந்த விஷயம். இம்மாதம் எழுதப்போவதோ என் தொழிலுக்குச் சற்றும் தொடர்பில்லாதது. பாட்டரி ஓய்ந்துபோன மோட்டார் சைக்கிளை வேறொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி பூட்டிக் கிளப்புவது எப்படி என்பதே பொருள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்ட ரயில்வே குமாஸ்தாவுக்கு மோட்டார் சாஸ்திரம் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்குத் தக்க காரணமும் உண்டு. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பர் கடைசி வாரம். தில்லியின் மார்கழிக் குளிரை நம் அன்பர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியற்காலை 3 மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி நின்றிருந்தார். ஊரில் அவருடைய தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், உடனே புறப்பட்டு வரும்படியும் செய்தி வந்திருந்தது. சென்னை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லக் காலை 6 மணி விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. வாடகைக் கார்கள்தாம் கிடைக்கவில்லை. இரண்டு வண்டிகள் வருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்துவிட்டன. “தம்பி, உன் வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்று சொல்லும் உறவா அது! நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரம் எனக்குச் சோறு போட்டவர் அவர்.

கீழே இறங்கிப் போய் வண்டியின் சாவியைத் திருகினேன். நியூட்ரல் விளக்கு மங்கலாக ஒரு முறை கண்ணைத் திறந்து மூடியது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால், ‘டிக் டிக்’ என்று பல்லி சொல்லுவதுபோல் ஓர் ஒலி, அவ்வளவுதான். குளிருக்கு அஞ்சி மூன்று வாரமாக மெட்ரோவிலேயே அலுவலகம் போய்வந்ததன் பலன் அது. என் வண்டி 2022இல் வாங்கியது; அதற்குக் காலால் உதைக்கும் கிக்கர் கிடையாது.

கீழ்த்தளத்தில் பணி ஓய்வு பெற்ற பஞ்சாபி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்குமேல், கண்புரை காரணமாக இருட்டில் காரோட்டுவதில்லை. அண்ணாச்சிக்கும் எனக்கும் காரோட்டத் தெரியாது. ஆயினும் அந்தப் பெரியவர் மனமுவந்து தம் காரின் மூடியைத் திறந்து, சிவப்பும் கறுப்புமான கவ்விக் கம்பிகளையும் எடுத்துக் கொடுத்தார். “எஞ்சினை ஓடவிடட்டுமா?” என்றார். “ஓடவிடுங்கள்” என்றேன். முதல் தவறு அது.

கைப்பேசி வெளிச்சத்தில் என் வண்டியின் பாட்டரியைப் பார்த்தேன். ஒரு முனையில் பச்சைக் கம்பி. மற்றதில் அழுக்கேறிக் கறுத்த கம்பி. கறுப்பாகத் தோன்றியதே எதிர்முனை என்று முடிவு செய்து அதில் கறுப்புக் கவ்வியைப் பூட்டினேன். பச்சையில் சிவப்பைப் பூட்டினேன். ‘படீர்’ என்று நீலப்பொறி பறந்தது. ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. பெரியவர் பாய்ந்து வந்து கவ்வியைப் பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகு நியூட்ரல் விளக்கின் மங்கிய ஒளியும் இல்லை. கறுத்துத் தோன்றிய கம்பி உண்மையில் அழுக்குப் படிந்த சிவப்புக் கம்பி என்பதையும், என் வண்டியில் பச்சைக் கம்பியே எதிர்முனைக்கு உரியது என்பதையும் பிறகு அறிந்துகொண்டேன்.

5 மணிக்குமேல் ஓர் ஆட்டோ அகப்பட்டது. அண்ணாச்சி விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. நண்பகல் விமானத்தில் சென்னை சென்று, இரவு ரயிலேறி, மறுநாள் காலை ஊர் போய்ச் சேர்ந்தார். தகப்பனார் முதல்நாள் மாலை 5 மணிவரை நினைவோடு இருந்து, மூத்த மகன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரவு 7 மணிக்குக் காலமாகிவிட்டாராம்.

காலை விமானத்தில் போயிருந்தால் பிற்பகலில் தகப்பனாரைப் பார்த்திருப்பார். இதை அண்ணாச்சி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே எனக்கு அது மறக்கவில்லை. வகையறிந்து செய்திருந்தால் அந்த வேலை பத்து நிமிஷத்துக்குமேல் பிடித்திராது.

நிற்க. எங்கள் நிலையத்தில் ரயில் பெட்டிகளின் விளக்குப் பிரிவில் ஹரியானாக்காரர் ஒருவர் பணிபுரிகிறார். பழைய முறைப் பெட்டிகளில் அடியில் தொங்கும் பாட்டரிப் பெட்டிகளை அன்பர்கள் பார்த்திருக்கலாம். வண்டி ஓடும்போது சக்கர அச்சிலிருந்து சுழலும் ஆல்ட்டர்னேட்டர் மின்சாரம் தந்து அந்தப் பாட்டரிகளை நிரப்பும்; வண்டி நிற்கும்போது அவை 110 வோல்ட்டில் விளக்கையும் விசிறியையும் இயக்கும். அவற்றோடு இருபது ஆண்டுகளுக்குமேல் பழகியவர் அவர். நடந்ததைச் சொன்னேன். “பாபுஜி, உமக்குப் போனது ஒரு பியூஸும் ரெக்டிஃபையரும். கண் போகாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும்” என்றார். பிறகு ஓர் ஓய்வுநாள் முழுவதும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். கீழே எழுதுவன அவர் சொன்னதும், பின்னர் நான் கையேடுகளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டதுமாகும்.

ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரியை 1859இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தார். இன்றும் அடிப்படை அதுவே. அதன் ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளை வரிசையாகச் சேர்த்ததே நாம் ‘12 வோல்ட்’ என்று சொல்லும் பாட்டரி. ஆகவே நன்றாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது அது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய காலி என்று கொள்ளலாம். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வோல்ட் ஒன்றே, கொள்ளளவுதான் வேறு. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். 100 அல்லது 125 சி.சி. மோட்டார் சைக்கிளில் 3 முதல் 5 வரைதான். குடத்துக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாடு. குளிரில் பாட்டரியின் உள்ளே நிகழும் இரசாயன வேலை மந்தமாகிறது. எஞ்சின் எண்ணெயோ கெட்டிப்பட்டு, சுழற்ற அதிக பலம் கேட்கிறது. வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது. தை மார்கழியில் வண்டிகள் படுத்துக்கொள்வது இதனாலேதான்.

முன்பெல்லாம் இது பெரிய சங்கடமன்று. காரில் மின்சார ஸ்டார்ட்டர் 1912இலேயே அமெரிக்கக் காடிலாக் வண்டியில் வந்துவிட்ட போதிலும், நம் நாட்டு மோட்டார் சைக்கிள்கள் நெடுங்காலம் உதைத்தே கிளப்பப்பட்டன. பாட்டரி போனால் காலிருந்தது. இப்போது பல வண்டிகளில் கிக்கரை எடுத்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த புகை விதிகளுக்குப்பின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை. மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தி, ஊசிமுனை வழியே தெளிக்கிறது. பாட்டரி முற்றிலும் செத்திருந்தால் அந்தப் பம்பும் இயங்காது. ஆகவே இத்தகைய வண்டியைத் தெருக்கோடிவரை தள்ளினாலும் மூச்சிரைப்பதைத் தவிர வேறு பயனில்லை. பாட்டரியில் சிறிதேனும் உயிர் இருந்தால், சாவியைத் திருகி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டுப் பார்க்கலாம். கியரில்லாத ஸ்கூட்டரை எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது; அதன் கிளட்ச் எஞ்சின் சுழன்றால்தான் பற்றும்.

கம்பியை எடுக்குமுன், குறை பாட்டரியில்தானா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கலாம். பக்கக்கால் மடக்கப்படாதிருக்கலாம். பாட்டரி முனையின் திருகு தளர்ந்து, வெண்பச்சைப் பூச்சு படிந்திருக்கலாம். இவை சரியாக இருந்தும், விளக்கு மங்கி, ‘டிக் டிக்’ ஒலி மட்டும் கேட்டால் பாட்டரிதான்.

இனி முறையைச் சொல்கிறேன். வரிசை தப்பாமல் படிக்கவும்.

முதலாவது: இரண்டும் 12 வோல்ட் பாட்டரிகளே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மிகப் பழைய மோட்டார் சைக்கிள்களில் 6 வோல்ட் உண்டு. அவற்றுக்குக் காரிலிருந்து கம்பி பூட்டலாகாது. நம் தெருக்களில் திரியும் ஈ-ரிக்ஷாக்காரர் இரக்கப்பட்டு உதவ வந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதில் நான்கு பாட்டரிகளை வரிசையாகச் சேர்த்து 48 வோல்ட் ஓடுகிறது. லித்தியம் வகைப் பாட்டரி உள்ள வண்டியாயின், கையேட்டில் அனுமதி இருந்தாலன்றித் தொட வேண்டாம்.

இரண்டாவது: பாட்டரி வீங்கியோ, விரிசல் கண்டோ, கசிந்தோ இருந்தால் முயற்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். சிம்லா, ஸ்ரீநகர்ப் பக்கம் வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக: காலியான பாட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் கடுங்குளிரில் அது உறைந்துவிடக்கூடும். உறைந்த பாட்டரிக்குக் கம்பி பூட்டினால் வெடிக்கலாம்.

மூன்றாவது: இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டின் சாவியையும் அணைத்து, வண்டியை நியூட்ரலில் வையுங்கள். காரின் எஞ்சின் ஓடக்கூடாது. ஓடும் காரின் ஆல்ட்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் பெரும் மின்சாரம் தருவது. மோட்டார் சைக்கிளின் சின்னஞ்சிறு பாட்டரி அதைத் தாங்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. காரின் பாட்டரி ஓய்விலிருந்து தருவதே இந்த வேலைக்குப் போதும்.

நான்காவது: முனைகளை நிறத்தால் அறியாதீர்கள், பாட்டரியின் மேலேயே பொறித்திருக்கும் + − குறிகளால் அறியுங்கள். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். என் கதையை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

ஐந்தாவது, பூட்டும் வரிசை: சிவப்புக் கவ்வி ஒன்றை ஓய்ந்த பாட்டரியின் + முனையில். சிவப்பின் மறுநுனியைக் காரின் + முனையில். கறுப்புக் கவ்வியைக் காரின் − முனையில். கறுப்பின் மறுநுனியை, கவனியுங்கள், ஓய்ந்த பாட்டரியில் அன்று; அதைவிட்டுத் தள்ளி, மோட்டார் சைக்கிளின் சட்டத்திலோ எஞ்சினிலோ பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் பூட்டுங்கள். பெட்ரோல் குழாயின் அருகே வேண்டாம்.

ஏன் இந்தச் சுற்று என்று நானும் கேட்டேன். கடைசிக் கவ்வி தொடும்போது ஒரு சிறு பொறி பறப்பது இயல்பு. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதும் இயல்பு. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். பொறி பாட்டரியின் தலைமேல் பறக்காமல் தள்ளிப் பறக்கட்டும் என்பதற்கே இந்த ஏற்பாடு. வண்டியின் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால் மின்சாரம் வழிதவறிவிடாது. பாட்டரியின் மேல் முகத்தைக் குனிந்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதும், பீடி சிகரெட்டைத் தூர வைப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆறாவது: இரண்டொரு நிமிஷம் பொறுத்து, ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். ஒரு தடவைக்கு 5 விநாடிக்குமேல் வேண்டாம். இடையே ஓய்வு கொடுங்கள். நாலைந்து முயற்சியில் கிளம்பாவிட்டால் குறை வேறிடத்தில் இருக்கிறது.

ஏழாவது: கிளம்பியதும், பூட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள். சட்டத்திலுள்ள கறுப்பு முதலில், பிறகு காரிலுள்ள கறுப்பு, காரிலுள்ள சிவப்பு, கடைசியாக வண்டியிலுள்ள சிவப்பு. கழற்றிய கவ்விகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது.

எட்டாவது: உடனே எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்குள் சென்று காபி குடிக்காதீர்கள். அரை மணிக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சின் பாட்டரிக்கு அதிகமாக ஒன்றும் தருவதில்லை. 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் கொடுத்து மீந்ததுதான் பாட்டரிக்கு. மறுநாளும் வண்டி படுத்துக்கொண்டால் பாட்டரிக்கு ஆயுள் முடிந்தது, அல்லது சார்ஜ் ஆவதில் குறை என்று கொண்டு மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

மணாலி போன்ற இடங்களில் சுற்றுலாவினர் ஏறி மகிழும் நாற்சக்கர மோட்டார் வண்டிகளிலும் இதேபோன்ற சிறு பாட்டரிதான். அவற்றுக்கும் இம்முறையே பொருந்தும்.

வருமுன் காப்பதும் கடினமன்று. நம்மவர் கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊர் சென்றால் மூன்று நான்கு வாரம் வண்டி சும்மா நிற்கும். புறப்படுமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில்; பூட்டும்போது நேர்முனை முதலில். இவ்வாறு செய்தால் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது. வெறுமையாகவே நெடுநாள் கிடந்த பாட்டரியின் தகடுகளில் ஒருவகை ஈய உப்பு இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் வராது. வீட்டில் சார்ஜ் செய்வோர், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மின்சாரம் கொடுக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு அரை ஆம்பியர். கார் பாட்டரிக்கு வைக்கும் பெரிய சார்ஜர் இதற்கு ஆகாது. மின்சாரம் ஏறும்போது அறைச் சன்னல் திறந்திருக்கட்டும்.

அண்ணாச்சி காரியங்களை முடித்துக்கொண்டு 2025 ஜனவரி நடுவில் திரும்பி வந்தார். நான்தான் ரயிலடிக்குச் சென்று அழைத்து வந்தேன். வழியெல்லாம் எனக்குப் பேச நா எழவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், “விடு தம்பி, நீ வேண்டுமென்றா செய்தாய்?” என்றார். சிறிது நேரம் கழித்து, “அந்தக் கம்பி பூட்டும் வகையை இப்போதாவது கற்றுக்கொண்டாயா?” என்றார். கற்றுக்கொண்டதைச் சொன்னேன். “அப்படியானால் நம் பத்திரிகையில் எழுது. நடந்ததையும் சேர்த்தே எழுது. நடு இரவில் கதவைத் தட்ட நமக்கெல்லாம் இங்கே சொந்தக்காரர்களா இருக்கிறார்கள்? நமக்கு நாம்தானே!” என்றார். எழுதுவதற்குத் துணிவு வர எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

இப்போது எங்கள் பிளாக்கின் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜோடி கவ்விக் கம்பி தொங்குகிறது. தடித்த கம்பி, மெலிந்தவை சூடேறி உருகும் என்பதால் பார்த்து வாங்கியது. அதன் அருகே நான்கு வரியில் பூட்டும் வரிசையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பஞ்சாபிப் பெரியவரின் காரையும் என் வண்டியையும் நிறுத்தி, ஆண்களும் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளுமாக ஒவ்வொருவரும் ஒரு முறை பூட்டிக் கழற்றிப் பழகினோம். முதலில் பிழையின்றிச் செய்தவர் அண்ணாச்சியின் மனைவியார்.

மற்றக் குடியிருப்புகளிலும் அன்பர்கள் இவ்வாறு ஒரு பகல்பொழுதை ஒதுக்கிப் பழகிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இருட்டில், குளிரில், ஒருவர் புறப்பட்டு நிற்கும் வேளையில், இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்த இதழில், பள்ளி மாற்றும் பிள்ளைகளின் சான்றிதழ்களைப்பற்றி எழுத எண்ணியுள்ளேன்.